பெரியப்பா பெட்டியில் "8 பி.எல்., … கோய்": இந்தக் கம்பெனி, பட்டாலியன் கணக்கு யாருக்காவது தெரியுமா?

கடையம்காரன்:

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது பெரியப்பாவின் பட்டாளத்துப் பெட்டி கீழே இறங்கியது. கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஆங்கில எழுத்து. முதல் வரியில் அவர் நம்பரும் பெயரும். இரண்டாவது வரியில் "8 பி.எல்." என்று இருக்கிறது. அப்புறம் ஓர் எழுத்து, அது துருவில் போய்விட்டது. அதன் பின்னால் "கோய்". மூன்றாவது வரியில் பட்டாலியன் எண்ணும் மெட்ராஸ் என்பதும் (எண்ணை இங்கே போடவில்லை). கடைசியில் "56 ஏ.பி.ஓ.". பெரியப்பா 1979-ல் பென்ஷனில் வந்தவர், இப்போது இல்லை. "கோய் யாருப்பா, அவரோட ஆபீஸரா?" என்று என் மகன் கேட்கிறான். சொல்லத் தெரியவில்லை.

கூடவே இன்னொன்று. தேர்தல் வந்தால் "துணை ராணுவம் இத்தனை கம்பெனி வருகை" என்று பேப்பரில் போடுகிறார்கள். எங்கள் டீக்கடையில் ஒருவர் கம்பெனி என்றால் ஆயிரம் பேர் என்கிறார், இன்னொருவர் பத்துப் பேர் என்கிறார். கம்பெனி, பட்டாலியன், ரெஜிமென்ட், பிரிகேட் இதெல்லாம் என்ன வரிசை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குரூப்2_கனவு:

சிம்பிள் சார். என் நோட்ஸில் இருப்பது: செக்‌ஷன் 10, பிளட்டூன் 30, கம்பெனி 120, பட்டாலியன் 800, ரெஜிமென்ட் 3 பட்டாலியன், பிரிகேட் 2 ரெஜிமென்ட், டிவிஷன், கோர், ஆர்மி. இதை மனப்பாடம் செய்தால் போதும்.

பழைய_ஹவில்தார்:

தம்பி, பட்டாலியன் வரை சரி. ரெஜிமென்டை அந்த இடத்தில் வைத்தது தப்பு. அது வேறு ஏதோ நாட்டுக் கணக்கு. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் கடையம் தம்பியின் பெட்டி.

"பி.எல்." என்றால் பிளட்டூன். "கோய்" ஆள் இல்லை, கம்பெனியைச் சுருக்கி எழுதுவது. நான் 22 வருஷம் காலாட்படையில் இருந்தேன், என் பெட்டியிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். கீழே இருந்து சொல்கிறேன்.

பத்துப் பேர் ஒரு செக்‌ஷன். அதற்குக் கமாண்டர் ஒரு ஹவில்தார் அல்லது நாயக். ஒரு எல்.எம்.ஜி. (இலகு இயந்திரத் துப்பாக்கி), மற்றவர்களிடம் ரைபிள். ஏன் பத்து? ராத்திரியில் கத்தாமல் ஒருத்தன் கணக்கு வைத்துக்கொள்ளக்கூடிய தலை அவ்வளவுதான். ரோந்து போகும்போது கடைசி ஆள் முன்னால் இருப்பவன் தோளைத் தட்டுவான், அவன் அடுத்தவனை, தட்டு அப்படியே முன்னால் வந்து சேரும். ஒன்பது பேரும் பின்னால் இருக்கிறார்கள் என்று எனக்கு அப்படித்தான் தெரியும். முப்பது பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள், பாதி வழியில் தட்டு தொலைந்துபோகும்.

மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன், சுமார் 35 பேர். சுபேதார் சாப் அல்லது புதிதாக வந்த லெப்டினன்ட் பார்த்துக்கொள்வார். மூன்று பிளட்டூன் ஒரு கம்பெனி, மேஜர் தலைமையில், சுமார் 120 பேர். இந்த மூன்று மூன்று கணக்கு சும்மா வந்ததில்லை. இரண்டு முன்னால் போகும், ஒன்று கையில் மிச்சம் இருக்கும். எந்த மட்டத்தில் இருக்கும் கமாண்டரும் முழுதாகச் செலவழித்துவிட மாட்டார்.

ஏ, பி, சி, டி என்று நான்கு ரைபிள் கம்பெனி. மோர்ட்டார், டாங்க் எதிர்ப்பு ஏவுகணையெல்லாம் வைத்திருக்கும் சப்போர்ட் கம்பெனி ஒன்று. லங்கர் (சமையல்கூடம்), ஸ்டோர், வண்டி, சிக்னல் பார்க்கிற கம்பெனி ஒன்று. எல்லாம் சேர்ந்து பட்டாலியன், சுமார் 800 பேர். தலைவர் சி.ஓ. சாப், அதாவது கமாண்டிங் ஆபீஸர். 1971-ல் அவர் லெப்டினன்ட் கர்னல், இப்போது கர்னல். நாங்கள் பட்டாலியனை "பல்டன்" என்போம். பட்டாலியன்தான் நம் ஊர் வாயில் பட்டாளம் ஆனது என்பார்கள்.

இந்த எண்ணிக்கையெல்லாம் காகிதத்தில்தான். கம்பெனி ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கும், பரேட் ஸ்டேட் என்று பெயர். கம்பெனி ஹவில்தார் மேஜர் காலையில் சாக்பீஸால் எழுதுவார். மொத்தம் 116. லீவு 29. கோர்ஸ் 7. ஆஸ்பத்திரி 3. கார்டு டியூட்டி 12. அட்டாச்மென்ட் 8. கடைசி வரியில் பரேடுக்கு நிற்பது 57. எந்த மேஜரும் மேல் வரியைப் பார்த்து நான் பார்த்ததில்லை, கண் நேராகக் கடைசி வரிக்குத்தான் போகும்.

இப்போது அந்த அழிந்த எழுத்து. பிளட்டூனுக்கு எண் கம்பெனிக்குள் தனித்தனியாகத் தொடங்காது, பட்டாலியன் முழுக்க வரிசையாக ஓடும். ஏ கம்பெனிக்கு 1, 2, 3. பி கம்பெனிக்கு 4, 5, 6. 8-ம் நம்பர் பிளட்டூன் என்றால் உங்கள் பெரியப்பா சி கம்பெனி. வயர்லெஸில் சொன்னால் சார்லி.

குரூப்2_கனவு:

ஐயா, பெட்டியைப் பார்க்காமலேயே எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? எல்லாப் பட்டாலியனிலும் இதே கணக்கா?

பழைய_ஹவில்தார்:

ரெசாங் லா கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1962 நவம்பர் 18, லடாக், சுசூல் பக்கம். 13 குமாவுன் பட்டாலியனின் சி கம்பெனி, மேஜர் சைத்தான் சிங். சுமார் 120 பேர். அதில் 110 பேருக்கு மேல் அங்கேயே உயிர்விட்டார்கள். மேஜருக்கு இறந்தபின் பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்த மேட்டில் இருந்த மூன்று பிளட்டூன்களின் எண் 7, 8, 9. குமாவுன் ஆனாலும் மெட்ராஸ் ஆனாலும் கணக்கு ஒன்றுதான்.

கம்பெனி என்றால் எத்தனை பேர் என்று டீக்கடையில் கேட்டால் அந்த மேட்டைச் சொல்லுங்கள். 120 பேரின் பெயரும் மேஜருக்குத் தெரியும். 800 பேரின் பெயர் சி.ஓ.வுக்குத் தெரியாது, முகம் தெரியும்.

குரூப்2_கனவு:

சரி ஐயா. ஆனால் ரெஜிமென்ட் பற்றிச் சொல்லவே இல்லையே. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றுதானே சொல்கிறோம்? அதற்குள் பல பட்டாலியன் இருக்கிறதே? அப்படியானால் பட்டாலியனுக்கு மேல் ரெஜிமென்ட், என் நோட்ஸ் சரிதானே?

தலைமையக_கிளார்க்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஹவில்தார் சாப் பட்டாலியனில் இருந்தவர், நான் பிரிகேட், டிவிஷன் தலைமையகங்களில் தட்டச்சு செய்தே கண் கெட்டவன்.

இந்தியக் காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது ஏணியின் படி இல்லை, குலம் மாதிரி. மெட்ராஸ் ரெஜிமென்டின் பட்டாலியன் ஒன்று காஷ்மீரில் இருக்கும், இன்னொன்று அருணாசலத்தில், மற்றொன்று ராஜஸ்தானில். எல்லாவற்றையும் சேர்த்து யாரும் சண்டைக்கு ஓட்டிப் போவதில்லை. ரெஜிமென்ட் கொடுப்பது ஆள், பயிற்சி, பாரம்பரியம். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் சென்டரில் ரிக்ரூட் பயிற்சி எடுப்பான், அங்கே "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற முழக்கத்தைக் கற்பான். அதன் பிறகு ஒரு பட்டாலியனுக்குப் போனால் பெரும்பாலும் ஓய்வு பெறும்வரை அதே பட்டாலியன்தான். அந்தப் பட்டாலியன் ஒரு பிரிகேடில் இரண்டு மூன்று வருஷம் இருக்கும், பிறகு மூட்டை கட்டி வேறு கோடியில் வேறு பிரிகேடுக்குக் கீழே போய்விடும்.

சந்தேகம் இருந்தால் சீருடையைப் பாருங்கள். தொப்பியில் இருக்கும் வில்லை ரெஜிமென்டுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அதில் யானை இருக்கும், 1803 அசாயே சண்டைக்காகக் கிடைத்தது. சட்டைக் கையில் தைத்திருக்கும் துணிச்சின்னம் அப்போது எந்த டிவிஷன், கோர், கமாண்டின் கீழ் இருக்கிறார் என்பதற்கு. இடம் மாறினால் கையில் இருப்பதைப் பிரித்து வேறு தைப்பார்கள். தொப்பியில் இருப்பதை யாரும் தொட மாட்டார்கள்.

அதிகாரிகளுக்கு இன்னொரு வசதி, எந்த ரெஜிமென்டுக்கும் போகலாம். திருச்சியில் நினைவுச்சின்னம் இருக்கிறதே மேஜர் சரவணன், கார்கிலில் படாலிக் பகுதியில் 1999 மே 29-ல் உயிர்நீத்தவர், அவர் 1 பிஹார், அதாவது பிஹார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். மேஜர் முகுந்த் வரதராஜன் 22 ராஜ்புத். 2014 ஏப்ரல் 25-ல் சோபியானில் அவர் விழுந்தபோது இருந்தது 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸில். ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் என்பது காஷ்மீரில் தீவிரவாதிகளை எதிர்க்க ராணுவம் வைத்திருக்கும் படை, அதன் பட்டாலியனுக்கு என்று நிரந்தர ஆட்கள் கிடையாது. பாதிப் பேர் ஒரு காலாட் ரெஜிமென்டிலிருந்து வருவார்கள், 44-க்கு அது ராஜ்புத். மீதிப் பேர் பீரங்கி, சிக்னல் என்று மற்ற பிரிவுகளிலிருந்து. அங்கே ரைபிள் கம்பெனி நான்கு இல்லை, ஆறு. பிரிகேட் இருக்க வேண்டிய இடத்தில் "செக்டர்", டிவிஷன் இடத்தில் "விக்டர் ஃபோர்ஸ்", "கிலோ ஃபோர்ஸ்". இதை உங்கள் நோட்ஸில் எந்த வரியில் எழுதுவீர்கள் என்று நானும் பார்க்கிறேன்.

இன்னும் குழப்ப வேண்டுமானால்: "பிரிகேட் ஆஃப் தி கார்ட்ஸ்" என்று ஒன்று உண்டு. பெயர்தான் பிரிகேட், உண்மையில் அது ரெஜிமென்ட்.

ஆவடி_பெண்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கிளார்க் சார் சொன்னது காலாட்படைக்குத்தான் பொருந்தும். என் அப்பா டாங்க் படை. அங்கே ரெஜிமென்ட் என்பது நிஜமாகவே ஒரு யூனிட், பட்டாலியனுக்குச் சமம், அதற்கும் ஒரு கர்னல்தான். மூன்று டாங்க் சேர்ந்தால் ட்ரூப், பதினான்கு டாங்க் ஒரு ஸ்குவாட்ரன், மூன்று ஸ்குவாட்ரனும் தலைமையகத்தின் மூன்று டாங்கும் சேர்ந்து மொத்தம் 45. பீரங்கிப் படையிலும் ரெஜிமென்ட் அப்படித்தான், ஆறு பீரங்கி ஒரு பேட்டரி, மூன்று பேட்டரி ஒரு ரெஜிமென்ட்.

ஆளுக்குப் பெயரும் மாறும். காலாட்படையில் சிப்பாய், டாங்கில் சவார், பீரங்கியில் கன்னர், பொறியாளர் படையில் சாப்பர். அப்பா ஓய்வு பெற்றபோது தபேதார், அதாவது ஹவில்தாருக்குச் சமம். கல்யாணப் பேச்சின்போது "பெண்ணின் அப்பா தபேதார்" என்று யாரோ சொல்லப்போய், மாப்பிள்ளை வீட்டில் கலெக்டர் ஆபீஸில் டவாலி போட்டு நிற்பவர் என்று நினைத்துக்கொண்டார்கள். அதைத் தெளிய வைப்பதற்குள் அப்பா பட்ட பாடு!

ஸ்குவாட்ரன் என்றதும் விமானப்படையையும் இழுக்காதீர்கள். தேஜஸ் வைத்திருக்கும் 45-வது ஸ்குவாட்ரனும், தஞ்சாவூரில் சுகோய் வைத்திருக்கும் 222-வது ஸ்குவாட்ரனும் வேறு கதை. சொல் ஒன்றுதான், அளவும் வேலையும் வேறு.

மேடைக்கதை_மாரி:

மூன்று மூன்றாகப் பெருக்குவது பட்டாளத்தான் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? பாரதக் கதையில் ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தது பத்தி. மும்மூன்றாகப் பெருக்கினால் சேனாமுகம், குல்மம், கணம், வாகினி, பிருதனை, சமு, அநீகினி. அநீகினி பத்து சேர்ந்தால் ஓர் அக்குரோணி. 21,870 தேர், அதே அளவு யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினெட்டு அக்குரோணி. பத்தியில் எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள், பத்து வரும். ஹவில்தார் ஐயாவின் செக்‌ஷன்!

குரூப்2_கனவு:

அக்குரோணியெல்லாம் குருக்ஷேத்திரத்தில் நின்றிருக்குமா என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம் மாரி அண்ணா. கணக்கு மட்டும் ஜோர்.

இடைநிலை_ஆசிரியை:

கடையம் அண்ணன் கேட்ட தேர்தல் கம்பெனிக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு கம்பெனி எங்கள் பள்ளியிலேயே தங்கியது. மத்திய ரிசர்வ் போலீஸ். வருவதற்கு முன் "ஒரு கம்பெனி வருகிறது, வகுப்பறை ஒதுக்குங்கள்" என்றுதான் உத்தரவு, எத்தனை பேர் என்று எழுதவில்லை. நூற்றுக்கு மேல் என்று நினைத்து ஆறு வகுப்பறையைக் காலி செய்தோம். இறங்கியவர்கள் எண்பது பேருக்கும் குறைவு. மீதிப் பேர் எங்கே என்று கேட்டதற்கு அவர்களுடைய இன்ஸ்பெக்டர் சிரித்தார். லீவு, கேம்ப் காவல், ஆஸ்பத்திரி என்று விரல் விட்டு எண்ணினார். ஹவில்தார் ஐயா சொன்ன கரும்பலகையேதான்! எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு அதுவே அதிகம், தினமும் லாரித் தண்ணீர் வாங்கினோம். சத்துணவுக் கூடத்தில் அவர்களே சப்பாத்தி போட்டார்கள். மூன்றாம் நாள் அரிசிச் சோறு எங்கே கிடைக்கும் என்று கேட்டவர் ஒரு கேரளத்துக்காரர்.

இன்னொன்று, அவர்கள் ராணுவம் இல்லை. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் ஆயுதக் காவல் படை. செக்‌ஷன், பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன் என்ற பெயர்கள் ஒன்றுதான், ஆனால் பட்டாலியனுக்குத் தலைவர் கர்னல் இல்லை, கமாண்டன்ட்.

கடையம்காரன்:

டீச்சர், அப்படியானால் எங்கள் பக்கத்து மணிமுத்தாறு பட்டாலியனும் போலீஸ்தானே?

இடைநிலை_ஆசிரியை:

ஆமாம் அண்ணா, அது தமிழ்நாடு சிறப்புக் காவல் படை. மாநில அரசுடையது.

கனடாத்_தம்பி:

நான் யாழ்ப்பாணத்து ஆள். எங்கட பேப்பரில 55 ஆவது படைப்பிரிவு எண்டு போட்டால் அது டிவிஷன். உங்கட பேப்பரில பத்துப் பேர் ரோந்து போனாலும் படைப்பிரிவு, ஒரு கோர் முழுக்கப் போனாலும் படைப்பிரிவு. ஒரே சொல்லை வைச்சுக்கொண்டு என்னெண்டு விளங்கிக்கொள்ளுறது? 1987-ல எங்கட பக்கம் முதலில வந்து இறங்கின அமைதிப்படை உங்கட 54 ஆவது காலாட் டிவிஷன். அதுக்குப் பிறகு இன்னும் டிவிஷன்கள் வந்தது. டிவிஷன் எண்டால் எவ்வளவு பெரிசு எண்டு எங்கட அம்மாவுக்கு வடிவாத் தெரியும், வாகனத் தொடர் றோட்டைக் கடக்க எவ்வளவு நேரம் எடுத்தது எண்டு இண்டைக்கும் சொல்லுவா.

தலைமையக_கிளார்க்:

கனடாத் தம்பி சொன்னது நியாயம். தமிழில் கம்பெனிக்கும் கோருக்கும் ஒரே சொல்லைப் போடுவது நம் பத்திரிகைகளின் பழைய வியாதி. மாற்றுச் சொல் தேடுவதை விட ஆங்கிலப் பெயரையே தமிழில் எழுதிவிடுவது மேல்.

மேல் பாதியையும் முடித்துவிடுகிறேன். பட்டாலியன் வரை "யூனிட்". பிரிகேடிலிருந்து மேலே "ஃபார்மேஷன்". இந்தக் கோடுதான் முக்கியம். யூனிட் ஒரு குடும்பம், ஃபார்மேஷன் தேவைக்கேற்பச் சேர்த்துக் கட்டுவது. மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட், பிரிகேடியர் தலைமையில், மூவாயிரம் பேர் அளவில். மூன்று பிரிகேடுடன் பீரங்கி, பொறியாளர், சிக்னல், மருத்துவம், ரேஷன், ஒர்க்‌ஷாப் எல்லாம் சேர்ந்தால் டிவிஷன், மேஜர் ஜெனரல், சுமார் 15,000 பேர். தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோகும் முதல் மட்டம் அதுதான். இரண்டு மூன்று டிவிஷன் ஒரு கோர், லெப்டினன்ட் ஜெனரல். லே-யில் இருக்கும் 14-வது கோர் கார்கிலுக்குப் பிறகு 1999-ல் உருவானது. கோருக்கு மேல் கமாண்ட். சண்டைக்கு ஆறு: உதம்பூர், சண்டிமந்திர், ஜெய்ப்பூர், லக்னோ, கொல்கத்தா, புனே. ஏழாவது சிம்லாவில், பயிற்சிக்கு. கமாண்டுக்கும் லெப்டினன்ட் ஜெனரல்தான், அதற்கும் மேலே டெல்லியில் தலைமைத் தளபதி.

சென்னையில் இருக்கும் தட்சிண பாரத் ஏரியா இந்த வரிசையில் வராது. ஏரியா, சப் ஏரியா என்பவை நகராத தலைமையகங்கள். நிலம், கட்டடம், முன்னாள் படையினர், வெள்ளம் வந்தால் உதவி, இதெல்லாம் அவர்கள் பாடு. சண்டைப் பிரிவில் இருப்பவர்களுக்கு இவர்களைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரம்.

அந்த இளக்காரத்துக்கு 1971-லேயே பதில் கிடைத்துவிட்டது. கிழக்கு வங்கத்தைச் சுற்றி மூன்று கோர் நின்றது, 2, 4, 33. வடக்கே மட்டும் கோர் இல்லை. அங்கே இருந்தது 101 கம்யூனிகேஷன் ஸோன் ஏரியா, சரக்குப் பாதையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய தலைமையகம். அதன் கையில் 95-வது மலை பிரிகேடையும் வேறு சில பட்டாலியன்களையும் கொடுத்து இறங்கச் சொன்னார்கள். மேஜர் ஜெனரல் குர்பக்ஸ் சிங் கில் கண்ணிவெடியில் காயம்பட்டார், அவர் இடத்துக்கு மேஜர் ஜெனரல் நாக்ரா வந்தார். ஜமால்பூர் விழுந்தது. டிசம்பர் 11-ல் தங்கைலில் 2 பாரா பட்டாலியன் பாரசூட்டில் குதித்தது. டிசம்பர் 16 காலையில் டாக்கா வாசலில், மிர்பூர் பாலத்தில், முதலில் போய் நின்றது இந்த ஆபீஸ் பட்டாளம்தான். அங்கிருந்துதான் நாக்ரா பாகிஸ்தான் தளபதி நியாசிக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். முறையான டிவிஷனே இல்லாத ஒன்று, டிவிஷன் செய்கிற வேலையைச் செய்தது. ஃபார்மேஷன் என்பது சேர்த்துக் கட்டுவதுதான் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

இப்போதும் கட்டுமானம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. 2025 ஜூலை 26-ல் திராஸில் தலைமைத் தளபதி "ருத்ரா" பிரிகேட், "பைரவ்" பட்டாலியன் என்று அறிவித்தார். ருத்ராவில் காலாள், டாங்க், பீரங்கி, ட்ரோன் எல்லாம் ஒரே பிரிகேடுக்குள். பைரவ் பட்டாலியனில் சுமார் 250 பேர்தான் என்று செய்தி. குரூப்2 தம்பி, 800-ஐ அடித்து எழுதத் தயாராக இருங்கள்.

குரூப்2_கனவு:

பரீட்சையில் 800 என்று போட்டால் மார்க், 250 என்று போட்டால் முட்டை. நான் 800-உடன் போகிறேன் சார்.

மேடைக்கதை_மாரி:

பைபிளில் "நூற்றுக்கு அதிபதி" வருவாரே, அந்த ரோமானியப் பிரிவிலும் உண்மையில் எண்பது பேர்தான். ரெண்டாயிரம் வருஷமாக இந்தக் கணக்கு உதைக்கிறது தம்பி.

பழைய_ஹவில்தார்:

கடையம் தம்பி, ஒன்று விட்டுப்போனது. 56 ஏ.பி.ஓ. என்பது ராணுவத் தபால் நிலையம். மேற்கே, வடக்கே இருப்பவர்களுக்கு 56, கிழக்கே இருப்பவர்களுக்கு 99. பட்டாலியன் எந்த ஊரில் இருக்கிறது என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கடிதம் எழுத நம்பர், பெயர், கம்பெனி, பட்டாலியன், 56 ஏ.பி.ஓ. போதும். பிரிகேட், டிவிஷன் எதையும் எழுத மாட்டோம். அது நம் விலாசத்திலேயே கிடையாது. டிவிஷன் ஜெனரல் பெயரை நான் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அவர் சர்வீஸ் விவரம் வேண்டுமானால் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும் நம்பரைப் போட்டு, வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸுக்கு பெரியம்மா பெயரில் எழுதுங்கள். நம்பர் இல்லாமல் எழுதினால் பிரயோஜனமில்லை.

கடையம்காரன்:

அண்ணாச்சி, இன்று மதியம் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பெட்டி மூடியைத் தேய்த்தேன். துரு போனதும் வளைந்த ஒரு கோடு தெரிந்தது. சி-யாகவும் இருக்கலாம், ஜி-யாகவும் இருக்கலாம் என்று பையன் சொன்னான். ஜி கம்பெனி கிடையாது என்று அவனுக்கு உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன்.

அப்புறம் பெரியம்மாவிடம் கேட்டேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரியப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் தபால்காரரிடமே சொல்லி எழுதச் சொல்வார்களாம். விலாசம் இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நம்பர், பேர், "சி கோய்", பட்டாலியன், "அம்பத்தாறு ஏபியோ" என்று ஒரே மூச்சில் சொன்னார். "கோய்" என்றால் என்ன என்று கேட்டேன். "ஊர் பேரு" என்றார்.